புண்ணுக்குள்ளா, உடம்புக்குள்ளா? மணல் ஈப் புண்ணுக்கு எந்த ஊசி

ஒட்டுசுட்டான் பக்கத்து விவசாயி ஒருவர், ஆறாவது கிழமை ஊசிக்காக முழங்கையை மேசையில் வைத்தபடி என்னைக் கேட்டார்: “தங்கச்சி, கிழமைக்குக் கிழமை இந்தச் சின்ன ஊசியாலை குத்திக்கொண்டு இருக்கிறியள். நரம்பிலை பெரிசா ஒண்டு ஏத்தி விட்டால் ஒரேயடியா முடிஞ்சிடும் தானே?” வெளியே வாங்கில் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். “ஐயா, அது இதைவிடப் பெரிய வேலை. இன்னும் கொஞ்சம் பொறுங்கோ” என்று மட்டும் சொல்லி ஊசியைப் போட்டு அனுப்பினேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. தோல் நோய் கிளினிக்கின் ஊசி அறையில் பல ஆண்டுகளாக நிற்கும் தாதி என்ற முறையில், அன்று சொல்லி முடிக்காத பதிலை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

நோய் லீஷ்மேனியாசிஸ். வன்னியில் இதை மணல் ஈப் புண் என்றால் இப்போது பலருக்கும் விளங்குகிறது. நுளம்பைவிடச் சிறியதான மணல் ஈ கடித்த இடத்தில், கிழமைகளோ மாதங்களோ கழித்து ஒரு சிறு பரு எழும். அது மெல்லப் பெருத்து, நடுவில் பொருக்குக் கட்டி, ஓரம் தடித்த புண்ணாக மாறும். வலி இல்லை, கடி இல்லை, காய்ச்சலும் இல்லை. அதனாலேயே ஆட்கள் பிந்தி வருகிறார்கள். இலங்கையிலேயே தொற்றிய முதல் நோயாளி தெற்கில் 1992-இல் அறியப்பட்டார். 2001-க்குப் பிறகு வடக்கின் காட்டுப் பகுதிகளில் பணியாற்றியவர்களிடையே எண்ணிக்கை ஏறியது. 2008 முதல் இது அறிவிக்கப்பட வேண்டிய நோய். காடு ஒட்டிய வயலும், குளக்கட்டும், மாட்டுப் பட்டியும், கறையான் புற்றும் சேர்ந்த எங்கள் நிலம் மணல் ஈக்கு வாய்ப்பானது.

ஊசிகளை ஒப்பிடுமுன் கிருமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தெரிவு அதில்தான் தொடங்குகிறது. இலங்கையில் இந்தப் புண்ணை உண்டாக்குவது லீஷ்மேனியா டொனோவனி. 1903-இல் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்ள்ஸ் டொனோவன், மண்ணீரலில் இருந்து எடுத்த மாதிரியில் கண்ட கிருமி இது. பெயரில் அவரும் இருக்கிறார், அதே காலத்தில் அதைக் கண்ட லீஷ்மனும் இருக்கிறார். இந்தியாவில் இந்த இனம் தோலோடு நிற்பதில்லை. ஈரலையும் மண்ணீரலையும் வீங்கச் செய்து, மருந்தில்லாவிட்டால் ஆளைக் கொல்லும் காலா அசார் என்ற நோய் இதே இனத்தால்தான் வருகிறது. எங்கள் நாட்டில் அதன் ஒரு வகை பெரும்பாலும் தோலிலேயே தங்கிவிடுகிறது. உள்ளுறுப்புகளுக்குப் போனவர்கள் மிகச் சிலரே. ஆகவே இரண்டு எண்ணங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. தோலோடு நிற்கும் நோய்க்குத் தோலுக்குள் மட்டும் மருந்து போதும் என்பது ஒன்று. உள்ளே போகக்கூடிய இனமாயிற்றே, உடம்பு முழுக்க மருந்து போக வேண்டாமா என்பது மற்றொன்று. முதலாவதன் பக்கம்தான் நான் நிற்கிறேன். இரண்டாவதைச் சொல்பவர்களை அறியாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை.

இங்கே நாங்கள் கையாளும் முதல் மருந்து சோடியம் ஸ்ரிபோகுளுக்கோனேற். அதன் உயிர்நாடி அண்டிமனி என்ற உலோகம். பெண்கள் கண்ணுக்கு மை எழுதிய அஞ்சனக்கல்லில் இருக்கும் அதே உலோகம். 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி அண்டிமனிச் சேர்மம் ஒன்றைக் கொண்டு காலா அசார் நோயாளிகளைக் காப்பாற்றினார். இன்று எங்கள் குப்பியில் இருப்பது அதே பரம்பரையில் பின்னால் வந்த மருந்து. நூறாண்டு ஆகியும் அதற்கு ஈடான, மலிவான, எளிதில் கிடைக்கும் மாற்று இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. இந்த ஒரே மருந்தை இரண்டு வழியில் போடலாம். புண்ணுக்குள்ளேயே போடலாம்; அல்லது தசையிலோ நரம்பிலோ போட்டு உடம்பு முழுக்க ஓடவிடலாம். அந்த ஐயா கேட்டதும் இதைத்தான்.

புண்ணுக்குள் போடும் முறை பார்க்கச் சிறியது, செய்யக் கடினமானது. பொருக்கை நனைத்து எடுத்து, புண்ணைத் துடைத்து, 1 மில்லிலீற்றர் சிரிஞ்சில் மெல்லிய ஊசியைப் பூட்டி, நல்ல தோலின் பக்கமிருந்து சாய்வாகத் தடித்த விளிம்புக்குள் ஏற்ற வேண்டும். தண்ணீர் புகாத இறுகிய சதை அது. கட்டைவிரல் வலிக்க அழுத்தினால்தான் மருந்து உள்ளே போகும். போகப்போகச் சிவந்திருந்த விளிம்பு வெள்ளை பிடிக்கும். ஒரு பக்கம் வெளுத்ததும் அடுத்த பக்கம், பிறகு அடி; இப்படிச் சுற்றிவர முழுப் புண்ணும் வெளுத்தால்தான் அந்தக் கிழமை ஊசி சரியாகப் போட்டதாகக் கணக்கு. அரைகுறையாக வெளுத்த புண்ணில் ஒரு ஓரம் ஆறி மறு ஓரம் வளர்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அழுத்தம் கூடினால் நடுப்புண் வழியாக மருந்து பீறிக்கொண்டு வரும் என்பதால் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் குனிவேன். வலி உண்டு, மிளகாய் பட்டதுபோல் எரியும். வலியில்லாத புண்ணுக்கு வலிக்கும் வைத்தியமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஆறுதலான பதில் கிடையாது. ஆனால் ஊசி முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

அளவைப் பார்த்தால் இரண்டு வழிகளுக்கும் உள்ள தூரம் தெரியும். உடம்பு முழுக்கப் போடும்போது ஆளின் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் அண்டிமனி என்ற கணக்கில் நாள்தோறும், பொதுவாக 20 நாள்வரை போடுவார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம். மருந்தின் ஒரு மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம் அண்டிமனி இருக்கிறது. எனவே நாளுக்கு 12 மில்லிலீற்றர், 20 நாளில் 240 மில்லிலீற்றர். புண்ணுக்குள் கிழமைக்கு 1 மில்லிலீற்றர் வீதம் 10 கிழமை போட்டாலும் மொத்தம் 10 மில்லிலீற்றர்தான். கிருமி இருக்கும் இடத்தில் செறிவாக நிற்பது அந்தப் பத்து. மற்றைய 240 இதயம், ஈரல், சதையி, சிறுநீரகம் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டே புண்ணைத் தேடிப் போகிறது. “பெரிய ஊசி” என்று ஐயா சொன்னது அளவில் உண்மையிலேயே பெரியதுதான், புண்ணுக்கு மட்டும் பெரியதல்ல.

அந்தப் பெரிய அளவுக்கு விலை உண்டு. மூட்டும் தசையும் உளையும். சாப்பாடு மனம் வராது. சதையி அழன்று வயிற்று வலியும் சத்தியும் வரலாம். ஈரல் நொதியங்கள் ஏறலாம். எல்லாவற்றிலும் அச்சத்துக்குரியது இதயம்: இதயத்தின் மின் ஓட்டம் மெல்ல மாறி, கவனிக்காவிட்டால் துடிப்புத் தாளம் தவறி உயிராபத்தில் முடியலாம். ஆகவே ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். அதற்கு வாட்டில் தங்க வேண்டும். ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்கும், சிறுநீரகம் பழுதான ஒருவருக்கும் இந்த வழியை நினைப்பதற்கு முன்பு மிகவும் யோசிக்க வேண்டும். சிறுநீரக நோய் வன்னியின் பல கிராமங்களில் பக்கத்து வீட்டுச் செய்தி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 20 நாள் வாட்டில் கிடப்பதென்றால் காலபோகத்து அறுவடையில் அது என்ன இழப்பு என்பதை வயல் உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் உடம்பு முழுக்கப் போடும் ஊசி எவருக்கு? உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வகுத்த அளவுகோல் எளியது. புண்கள் நான்குக்குக் குறைவாகவும், ஒவ்வொன்றும் 5 சென்ரிமீற்றருக்குச் சிறியதாகவும், முகம், மூட்டு, விரல்கள் போன்று உருக்குலைவையோ முடக்கத்தையோ ஏற்படுத்தும் இடங்களில் இல்லாமலும், நோயாளியின் எதிர்ப்புச் சக்தி குன்றாமலும், தொடர்ந்து வந்து காட்டக்கூடியவராகவும் இருந்தால் புண்ணிலேயே வைத்தியம் செய்யலாம் என்கிறது. இந்தக் கடைசி நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. மருந்தைப் பற்றிய பட்டியலில் பஸ்ஸைப் பற்றியும் ஒரு வரி இருப்பதுபோல் இருக்கிறது. கையிலும் காலிலும் முதுகிலுமாகப் பத்துப் புண் உள்ளவருக்கு ஒவ்வொன்றிலும் ஊசி ஏற்றுவது நடைமுறையில் சித்திரவதை. எச்ஐவி உள்ளவர், உறுப்பு மாற்றியவர், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர் ஆகியோருக்குக் கிருமி உள்ளே போகும் அபாயம் கூடுதல். நீண்ட காய்ச்சல், மெலிவு, வயிற்றின் இடப்பக்கம் கனம் ஆகியவையும் சேர்ந்தால் அது தோல் நோய் என்ற கணக்கிலேயே இல்லை. இவர்களுக்கு உடம்பு முழுக்கப் போகும் மருந்து தேவை. அங்கே வாட்டும் ஈசிஜியும் பெறுமதியான செலவு. முகத்தில் இருக்கும் சிறிய புண்ணைப் பொறுத்தவரை இலங்கையில் தோல் நிபுணர்கள் பெரும்பாலும் புண்ணுக்குள் ஊசியையே தெரிவு செய்கிறார்கள். நான் பார்த்தவரை அது சரியான தெரிவு.

இனி உப்புநீர் ஊசி. பலர் இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள்: மருந்தில்லாமல் உப்பைப் போட்டு ஏமாற்றுவதாக நினைக்கிறார்கள். சேலைனில் இருக்கும் உப்பு 0.9 வீதம், கடல் நீரில் ஏறத்தாழ 3.5 வீதம். ஊசிக்கு எடுப்பது 7 வீதம் அல்லது 10 வீதம் உப்புக் கரைசல். முல்லைத்தீவுக் கடலைவிட இரட்டிப்பும் அதற்கு மேலும் உப்பு. கருவாட்டுக்கு உப்புப் போட்டால் மீனின் நீர் வெளியே வருவது எப்படியோ அப்படியே, கிருமியும் கிருமி தங்கிய கலமும் நீரை இழந்து சுருங்குகின்றன. 2010-இல் வெளியான இலங்கை ஆய்வொன்று, யாருக்கு எது போடப்படுகிறது என்று நோயாளிக்கும் வைத்தியருக்கும் தெரியாத முறையில், 7 வீத உப்புநீரை அண்டிமனி ஊசியோடு நேருக்கு நேர் ஒப்பிட்டது. அண்டிமனி முன்னே நின்றது; ஆனால் உப்புநீரும் 90 வீதத்துக்கு மேற்பட்டவர்களை ஆற்றியது. விலை அற்பம், இதயத்துக்கோ ஈரலுக்கோ நஞ்சில்லை. எதிர்ப்பக்கம் என்னவென்றால், ஏற்றும்போது எரிவு கடுமை. செறிவு 15 வீதம்வரை போனால் சதையே கருகிப் புதுப் புண் ஆகலாம். கிருமி நீக்கி, அளவு பார்த்து, வைத்தியசாலையில் தயாரித்த கரைசலையே போட வேண்டும். “உப்புத்தானே” என்று வீட்டில் கரைத்துப் புண்ணில் ஊற்றிக்கொண்டு வந்த ஒருவரை நான் கண்டிருக்கிறேன். புண்ணின் மேல் எரிவு மட்டும்தான் மிச்சம், விளிம்புக்குள் ஒரு துளியும் போயிருக்கவில்லை.

கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி பெரிய வரம் என்பது என் எண்ணம். அண்டிமனியைக் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டும். அதற்காகப் பத்து மாதம் புண்ணை வளரவிடவும் முடியாது. அங்கே உப்புநீரும், திரவ நைதரசனால் புண்ணை உறைய வைக்கும் முறையும்தான் கைகொடுக்கின்றன. மருந்துக் களஞ்சியத்தில் அண்டிமனி இல்லாத கிழமைகளிலும், இரண்டு கிழமைக்குப் பிறகு வாருங்கள் என்று ஆளைத் திருப்பி அனுப்புவதைவிட, நிபுணரின் அனுமதியோடு உப்புநீரைப் போடுவதே மேல்.

மெற்றோனிடசோலைப் புண்ணுக்குள் போட்டும் பார்த்திருக்கிறார்கள். அண்டிமனிக்கு நிகராக அது நிற்கவில்லை. பென்ரமிடின் தென்னமெரிக்காவில் வேறு இனங்களுக்குப் பயன்படுவது. சதையியைக் கெடுத்து நீரிழிவை வரவழைக்கக்கூடிய அதை எங்கள் புண்ணுக்குத் தேட எந்தக் காரணமும் இல்லை. லைபோசோம் அம்போரெரிசின் அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. கொழுப்புத் துணிக்கைகளுக்குள் அடைத்து நரம்பு வழியாக மெல்ல ஏற்றும் அந்த மருந்து, இந்தியாவில் காலா அசாருக்கு ஒரே தடவையாக ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் கொடுக்கப்பட்டு, அந்த நோயின் கதையையே மாற்றியது. உள்ளுறுப்புக்கு நோய் போனவருக்கும், எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கும், அண்டிமனி கேளாத புண்ணுக்கும் நான் அதையே முதலில் நினைப்பேன். சிறுநீரகத்தையும் இரத்தத்தின் பொட்டாசியத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்; விலையும் பெரிது. முழங்கையில் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் உள்ள ஒரு புண்ணுக்கு அதைக் கேட்பது நியாயமில்லை.

ஊசி அல்லாத இரண்டையும் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு குறைபடும். திரவ நைதரசன் தனியாகவும், அண்டிமனி ஊசியோடு சேர்த்தும் பயன்படுகிறது; சேர்த்துச் செய்யும்போது புண் விரைவில் ஆறுகிறது, ஆனால் எங்கள் நிறத்துத் தோலில் வெண்தழும்பு விட்டுப் போகும். மற்றது சூடு: புண்ணை மரக்கச் செய்து, ரேடியோ அலைக் கருவியால் 50 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குவது. ஒரே தடவையில் முடியும் இந்த முறை, இலங்கையில் நடந்த ஆய்வில், கிழமைக்குக் கிழமை போடும் ஊசியைவிட விரைவாகவும் மலிவாகவும் ஆற்றியது. வன்னியில் தூரத்துக் கிராமங்களிலிருந்து வருபவர்களை நினைக்கும்போது எனக்கு இந்தக் கருவியின் மேல்தான் ஆசை. கருவி கிடைக்கும் இடத்தில், கையிலோ காலிலோ ஓரிரு புண் உள்ள ஒருவருக்கு நான் இதை ஊசிக்கு முன்னே வைப்பேன்.

என் சொந்த மாமாவின் காதுமடலில் வந்த புண்ணை வைத்து இன்னொன்று சொல்கிறேன். ஊரில் ஒரு மருந்துக்கடையில் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பை ஏழு மாதம் பூசிக்கொண்டிருந்தார். சிவப்பு மங்கியது, புண் பரந்தது. எங்களிடம் வந்தபோது முதலில் செய்தது ஊசியல்ல, பரிசோதனை: விளிம்பைச் சிறிது கீறி, வந்த சாற்றைக் கண்ணாடித் துண்டில் தடவி, கிம்சா சாயம் ஏற்றிப் பார்த்தார்கள், கலங்களுக்குள் சிறு புள்ளிகளாகக் கிருமி தெரிந்தது. காதுமடல் குருத்தெலும்பின் மேல் ஒட்டிய மெல்லிய தோல், அங்கே மருந்து விரிய இடமில்லை. உப்புநீரின் எரிவை அந்த இடம் தாங்காது. நிபுணர் அண்டிமனியையே தெரிவு செய்து, ஒரு தடவைக்கு 0.3 மில்லிலீற்றருக்கு மேல் போட வேண்டாம் என்றார். பதினொரு ஊசி பிடித்தது. “மருமகளே, உன்ரை கையாலை இவ்வளவு குத்து வாங்குவன் எண்டு நினைக்கேல்லை” என்று ஒவ்வொரு கிழமையும் சொல்வார். ஒரு கிழமையும் தவறவில்லை.

தவறாமல் வருவதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். பீகாரில் ஒரு காலத்தில் காலா அசார் நோயாளிகளில் பெரும்பகுதியினருக்கு அண்டிமனி கேளாமல் போனது. குறைந்த அளவிலும் இடையிடை விட்டும் மருந்து போட்டது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. எங்கள் நாட்டிலும் முன்னைவிட அதிக ஊசி தேவைப்படும் புண்கள் இப்போது காணப்படுகின்றன. மூன்று ஊசியில் புண் சற்றுத் தட்டையானதும் நெல் சூடடிப்பு என்று நின்றுவிட்டு, இரண்டு மாதம் கழித்துத் தடித்த விளிம்போடு வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அதுமட்டுமல்ல, கிருமி மருந்தைப் பழகவும் இடம் கிடைக்கிறது. மாலையில் முற்றத்தில் இருக்கும் அவரைக் கடிக்கும் மணல் ஈ அடுத்தவரைக் கடிக்கவும் போகிறது. ஆகவே ஊசியைத் தெரிவு செய்வதற்கு முன் நான் கேட்பது “எத்தனை கிழமை வர ஏலும்?” என்பதுதான். பத்துக் கிழமை வர முடியாதென்று உண்மையாகச் சொல்பவருக்கு, புண்கள் ஒன்றிரண்டாயிருந்தாலும், சூட்டு முறைக்கோ நைதரசனுக்கோ அனுப்புவதைப் பற்றி நிபுணரிடம் பேசலாம். வருவேன் என்று வாய்க்குச் சொல்லிவிட்டு வராமல் விடுபவருக்கு எதைத் தெரிவு செய்தும் பயனில்லை.

ஒட்டுசுட்டான் ஐயாவுக்கு ஒரே ஒரு புண், 2 சென்ரிமீற்றர், முழங்கை மூட்டுக்கு நான்கு விரல் கீழே. அளவுகோலின் எல்லா நிபந்தனைக்கும் அவர் பொருந்தினார், பஸ்ஸைத் தவிர. அடுத்த கிழமை அவர் வந்தபோது, அவருடைய கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் அறுவடை நாட்களைக் கேட்டு எழுதி, அவற்றுக்கு இடையில் விழும் கிளினிக் நாட்களை வட்டமிட்டுக் கொடுத்தேன். எட்டாவது ஊசியோடு விளிம்பு தோலோடு தோலாகப் படுத்துவிட்டது. ஆறு மாதம் கழித்து வந்து காட்டும்படி எழுதிய திகதியையும் அந்தக் கொப்பியிலேயே வட்டமிட்டிருக்கிறேன். அந்த இடத்தில் மீண்டும் ஒரு தடிப்பு எழும்பினால், மேலும் ஊசி ஏற்றாமல் முதலில் இன்னொரு தடவை சாறு எடுத்துப் பார்ப்போம்.